அப்லாரொன் தெரிந்தால் போதும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஸ்பானிஷில் இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்டிவ், அதாவது ‘அப்படி இருந்தால்’ என்ற கற்பனைக்கும் இறந்தகால விருப்பத்துக்கும் வரும் வினை வடிவம், பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறாய். அட்டவணையை மனப்பாடம் செய்வதை விடு. ‘அவர்கள் பேசினார்கள்’ என்பதற்கு அப்லாரொன் என்கிறோமே, அதில் கடைசி ‘ரொன்’னை வெட்டு. மிச்சம் ‘அப்லா’. அதோடு ர, ரஸ், ர, ரமொஸ், ரைஸ், ரன் சேர்த்தால் ஆறு வடிவமும் வந்துவிடும்: அப்லார, அப்லாரஸ், அப்லார, அப்லாரமொஸ், அப்லாரைஸ், அப்லாரன். கொமேர் (சாப்பிடுவது) என்றால் ‘சாப்பிட்டார்கள்’ கொம்யேரொன், அதிலிருந்து கொம்யேர. ஒழுங்கற்ற வினைகளும் இதற்குத் தப்பாது: துப்யேரொன் (‘அவர்களிடம் இருந்தது’), துப்யேர; திஹேரொன் (‘சொன்னார்கள்’), திஹேர. ஆகவே இடறினால் பிழை, அப்லாரொன் வரும் இறந்தகாலப் பாடத்தில்தான். அங்கே திரும்பிப் போ.

அழுத்தம் விழும் இடத்தை நெடிலாக எழுதியிருக்கிறேன், கவனித்துப் படி. அப்லாரன் சப்ஜங்டிவ், அப்லரான் என்றால் ‘பேசுவார்கள்’, எதிர்காலம். எழுத்தில் எதிர்காலத்துக்குத்தான் கடைசி உயிரின் மேல் அழுத்தக் கோடு. சப்ஜங்டிவில் கோடு வருவது ‘நாங்கள்’ வடிவத்தில் மட்டும், ‘ரமொஸ்’ஸுக்கு முந்தைய உயிரின் மேல்.

பயன்பாட்டில் நம்மவர்கள் தடுமாறுவது ‘சி’ (நம் ‘-ஆல்’) வாக்கியத்தில். ‘மெதுவாகப் பேசினால் புரியும்’ என்று நாம் இரண்டுக்கும் ஒன்றே சொல்வோம். நடக்கக்கூடியது என்றால் ஸ்பானிஷில் சி ஆப்லஸ் தெஸ்பாசியொ, தெ எந்தெந்தெரான். நீ அப்படிப் பேசுவதில்லை என்பது உள்ளே இருந்தால் சி அப்லாரஸ் தெஸ்பாசியொ, தெ எந்தெந்தெரீயன். ‘ரீய’ என்ற கண்டிஷனல், அதாவது ‘அப்படியானால் இது நடக்கும்’ என்னும் வடிவம், பின்பாதிக்கு உரியது. ‘சி’க்குப் பின்னால் அதை வைக்காதே. பாஸ்க் நாடு, நவார்ரா பக்கம் பேச்சில் அப்படிக் கேட்பாய். தேர்வில் அது தவறுதான்.

இன்னொரு இடம்: க்யேரொ கெ ஆப்லெஸ், ‘நீ பேச வேண்டும் என்று விரும்புகிறேன்’. விருப்பம் இறந்தகாலத்துக்குப் போனால் பின்னால் வருவதும் மாறும்: கெரீய கெ அப்லாரஸ். ‘கோமொ சி’, அதாவது ‘ஏதோ...போல’, நிகழ்காலத்தைப் பற்றிப் பேசும்போதும் இந்த வடிவத்தையே கேட்கும்.

இதே வடிவத்துக்கு ‘ர’வுக்குப் பதில் அப்லாசெ, அப்லாசெஸ் என்ற ‘செ’ வரிசையும் உண்டு. படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும். லத்தீன் அமெரிக்கப் பேச்சில் அரிது. ‘எனக்கு ஒரு காபி வேண்டும்’ என்று பணிவாகக் கேட்கும் கிஸ்யேரவில் ‘ர’தான் பழக்கம்.

கொமேரை வைத்துப் பத்து ‘சி’ வாக்கியம் எழுதி அனுப்பு, திருத்தித் தருகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்