பெரியவனுக்கு, ஸ்டான்லி பிரதர்ஸ் கேட்டுட்டு எழுதுறேன்

கண்ணா, நல்லா இருக்கியாடா. போன வாரம் போன்ல, என்னம்மா எப்பப் பாத்தாலும் பின்னாடி அதே பாட்டு ஓடுதுன்னு கேட்ட இல்ல, அப்புறம் சொல்றேன்னு வெச்சுட்டேன், போன்ல அவசரமா சொல்ற விஷயம் இல்ல அது, அதான் எழுதுறேன்.

அது ஸ்டான்லி பிரதர்ஸ். நம்ம டென்னசி கிங்ஸ்போர்ட்லேந்து அரை மணி நேரத்துல பிரிஸ்டல் போயிடுவோமே, அந்த பிரிஸ்டல் ரேடியோலதான் 1946 கடைசில அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மத்தியான நிகழ்ச்சில பாட ஆரம்பிச்சாங்க. அண்ணன் கார்ட்டர் கிட்டார் வாசிச்சு லீட், அதாவது முக்கிய மெட்டு, பாடுவார், தம்பி ரால்ஃப் பான்ஜோ, மத்தளம் மாதிரி தோல் கட்டின கம்பி வாத்தியம், அத வாசிச்சுக்கிட்டு அண்ணன் குரலுக்கு மேல டெனர்ங்கிற துணைக் குரல் பிடிப்பார். பேண்டுக்குப் பேர் கிளிஞ்ச் மவுண்டன் பாய்ஸ், நம்ம ஊருக்கு வடக்க நீளமா படுத்துக் கிடக்கே அதே மலைதான், நீ ஸ்கூல் போகும்போது தினம் பாத்தது.

1949லேந்து 1952 வரைக்கும் கொலம்பியா ரெக்கார்ட் கம்பெனிக்கு பதிவு பண்ணினத முதல்ல கேளு, அவங்க பாடினதுலயே எனக்கு அதுக்கு மேல எதுவும் இல்ல. வழக்கமா பாரிடோன்ங்கிற மூணாவது குரல் லீடுக்குக் கீழ நிக்கும், இவங்க அதத் தூக்கி டெனருக்கும் மேல கொண்டு போய் வெச்சுட்டாங்க, மாண்டலின் வாசிச்ச பீ வீ லாம்பர்ட்தான் அதப் பாடினார். 'ஒயிட் டவ்' பாட்டுல சரணம் கார்ட்டர் தனியா பாடுவார், ரொம்ப சாதாரணமா, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி, அப்புறம் பல்லவில மத்த ரெண்டு குரலும் மேல வந்து உக்காரும் பாரு, கைல கரண்டியோட அப்படியே நின்னுட்டேன், எண்ணெயில போட்ட கடுகு கருகிப்போச்சு.

அந்தப் பாட்டு அப்பா அம்மா செத்துப்போன துக்கம்டா. கார்ட்டர் எழுதினது. ஆனா அப்போ அவங்க அம்மா லூசி உயிரோடதான் இருந்தாங்க. புள்ளைங்க ரெண்டு பேரும் இப்படிப் பாடுறதக் கேட்டு அந்தம்மா என்ன நெனச்சிருப்பாங்கன்னு எனக்கு ரெண்டு நாளா அதே யோசனை. அவங்களே பான்ஜோ வாசிக்கிறவங்க, நகத்தால கீழ் நோக்கித் தட்டி வாசிக்கிற பழைய முறை. ரால்ஃப் சின்னப் பையனா இருக்கும்போது பன்னி வேணுமா பான்ஜோ வேணுமா, ரெண்டும் 5 டாலர்தான், ஒண்ணுதான் வாங்க முடியும்னு கேட்டாங்களாம், அவர் பான்ஜோன்னார், முதல் பாட்டும் அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. பன்னி வாங்கியிருந்தா வீட்டுக்கு சோறு, அந்தக் காலத்துல அந்த மலைல 5 டாலர் சின்னக் காசா சொல்லு.

கார்ட்டர் 1966 டிசம்பர்ல போயிட்டார், 41 வயசுதான், குடி. ரால்ஃப் அதுக்கப்புறமும் 2016ல சாகுற வரைக்கும், கிட்டத்தட்ட 50 வருஷம், பாடினார், 2002ல வாத்தியமே இல்லாம தனிக் குரல்ல பாடினதுக்கு கிராமி கூடக் கிடைச்சுது. அதுவும் நல்ல பாட்டுதான், நான் இல்லங்கல. ஆனா எனக்கு கேக்கும்போதெல்லாம் காது கீழ அந்த அண்ணன் குரலத் தேடுது.

கோயிலுக்குப் போகும்போது கார் பின் சீட்டுல நீயும் சின்னவனும் பாடிக்கிட்டு வருவீங்களே, யாரும் சொல்லித் தரலடா அவனுக்கு, நீ பிடிச்ச சுருதிக்கு மேல அவனா போய் நிப்பான், நானும் அப்பாவும் ஒரு வார்த்தை பேசாம கேட்டுக்கிட்டே வருவோம். நீங்க ரெண்டு பேரும் பேசி எட்டு மாசம் ஆச்சுன்னு எனக்குத் தெரியும். யார் மேல தப்புன்னு நான் கேக்கல.

அவன் தேங்க்ஸ்கிவிங்குக்கு வர்றான், நீயும் டிக்கெட் போடு. உன் கிட்டார் அலமாரி மேலதான் இருக்கு, தொடச்சு வெச்சிருக்கேன், ரெண்டு கம்பி அறுந்திருக்கு, எந்த நம்பர் கம்பி வாங்கணும்னு மட்டும் மெசேஜ் பண்ணு.

அம்மா