கழுத்து திரும்பிப் போன குஞ்சு

கண்ணு,

நீ அனுப்பிய கோழிக்குஞ்சு வீடியோவை நானும் அம்மாவும் நாலு தடவை பார்த்தோம். கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறது, நடக்கப் போனால் பின்பக்கமாகப் போய் விழுகிறது. உன் மாமியார் அறுத்துவிடச் சொல்வதில் தப்பில்லை, இங்கேயும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். ஆனால் அவசரப்படாதே, முதலில் மற்ற குஞ்சுகளைப் பார்.

அதுகளும் தூங்கி வழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் அது கோழிக் கழிச்சல். ராணிக்கெட் என்பார்கள். (நம்ம ராணிப்பேட்டை பேர்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது இமயமலைப் பக்கத்து ஊராம். ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய கால்நடை மருந்து நிலையத்தில் அதற்குத் தடுப்பூசிதான் செய்கிறார்கள்.) வந்தபின் மருந்து கிடையாது, பிழைத்தாலும் சிலதுக்குக் கழுத்து அப்படியே நின்றுவிடும். அதனால் இன்றைக்கே அந்தக் குஞ்சைத் தனியாகப் பிரித்துவிடு, கால்நடை டாக்டரிடம் காட்டு.

மற்றதெல்லாம் நன்றாக மேய்ந்தால் தலையில் கொத்து வாங்கியிருக்கும், இல்லை சத்துக் குறைவு. தீவன மூட்டை வாங்கி எத்தனை மாதம் ஆச்சு? சிக்கு வாடை அடித்தால் அதிலிருந்த வைட்டமின் ஈ போய்விட்டது என்று அர்த்தம், கொட்டிவிடு. எனக்கு இன்னொரு சந்தேகம். போன மாதம் ரத்தக் கழிச்சலுக்கு அம்ப்ரோலியம் தண்ணீரில் கலந்து கொடுத்தாயே, எப்போது நிறுத்தினாய்? அந்த மருந்து பி1 வைட்டமின் மாதிரியே வேஷம் போட்டுத்தான் கிருமியை ஏமாற்றுகிறது. நாள் கூடிப்போனால் கோழிக்கும் பி1 கிடைக்காமல் போய்விடும், வானத்தைப் பார்க்கிற இந்தக் கழுத்து அதனாலும் வரும்.

சரி, குஞ்சை ஒரு கூடையில் விட்டு, பழைய வேட்டியைச் சுருட்டி இரண்டு பக்கமும் அண்டக் கொடு, உருண்டு விழாது. வெளிச்சம் குறைவாக இருக்கட்டும். அவித்த மஞ்சள் கருவைக் குழைத்து அலகுக்கு நேராக நீட்டு. தண்ணீரை அலகு ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வை, தானே விழுங்க வேண்டும். நான் ஒரு தடவை வாயைப் பிளந்து கரண்டியால் ஊற்றிவிட்டேன், மூச்சுக்குழலில் போய் என் கையிலேயே செத்தது, அம்மா இன்னும் சொல்லிக் காட்டுவாள். பி காம்ப்ளக்ஸ் சிரப், எவியான் என்கிற வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்திப் பிழிந்த எண்ணெய், இரண்டும் கொடுக்கலாம், குஞ்சின் எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்.

பி1 குறைவு என்றால் ஓரிரு நாளில் தலை நிமிரப் பார்க்கும். மற்றதென்றால் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும், நடுவில் பயந்தால் திரும்பவும் முறுக்கிக்கொள்ளும், அதைப் பார்த்துக் கைவிட்டுவிடாதே.

நாளைக் காலையில் அது எச்சம் போட்டதும் போட்டோ எடுத்து அனுப்பு. கோழி இல்லை, எச்சம்.

அப்பா
வாலாஜா