மார்த்தாவின் நாட்குறிப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க விடுதலையின் 250ஆம் ஆண்டையொட்டி வரும் கட்டுரைகளில் எல்லாம் வாஷிங்டனும் ஜெபர்சனும்தான். அதே காலத்தில் வாழ்ந்த மார்த்தா பல்லார்டு பற்றியும் நம் வாசகர்கள் அறிய வேண்டும்.

இன்றைய மெய்ன் மாநிலத்து ஹாலோவெல் ஊரில் அவர் மருத்துவச்சி. 1785 முதல் 1812இல் இறக்கும்வரை, 27 ஆண்டுகள், நாட்குறிப்பு எழுதினார். அதில் 800க்கும் மேற்பட்ட பிரசவங்கள் பதிவாகியுள்ளன. கென்னபெக் ஆற்றை வெள்ளத்தில் படகிலும், உறைந்த காலத்தில் பனிக்கட்டிமேல் நடந்தும் கடந்து போய்ப் பிரசவம் பார்த்திருக்கிறார். யார் கூலி கொடுத்தார்கள், தறியில் என்ன நெய்தார்கள், எந்தத் தோட்டத்தில் என்ன விதைத்தார்கள், எல்லாம் அதில் உண்டு. அன்றைய சட்டப்படி மணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுக்கே உரியது. வரிப் பதிவேட்டிலும் கணவன் பெயர்தான். இந்த நாட்குறிப்பு மட்டும் இல்லையென்றால் அவர் உழைப்புக்குச் சாட்சியே இருந்திருக்காது.

வரலாற்றாசிரியர்கள் சிலர் இதை அற்ப வீட்டு விவரம் என்று ஒதுக்கினார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் எழுந்து ஓடுவது அற்பமா? முப்பது ஆண்டுகள் பிரசவ வார்டில் நின்றவள் கேட்கிறேன்.

மார்த்தாவைப் பற்றித் தங்கள் இதழில் விரிவான கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

- ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி