கம்பியின் விலையும் கம்பியின் தடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், ஒலிபெருக்கிக் கம்பியின் விலை உயர உயர இசையின் தெளிவும் உயரும் என்று எழுதப்பட்டிருந்த ஒரு வரியை, நாற்பது வருடங்களாகக் கோயில் திருவிழாக்களுக்கு ஒலியமைத்து வரும் என்னால் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. மறுநாளே அயலிலுள்ள தம்பி ஒருவர் அந்தப் பக்கத்தோடு வந்தார். கனடாவிலிருந்து தமையன் அனுப்பிய காசில், தம் ஒலிபெருக்கிகளின் விலையையும் மிஞ்சிய விலையில் மூன்று மீற்றர் வெள்ளிக் கம்பி வாங்கப்போவதாகச் சொன்னார்.

குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீற்றர் உள்ள செப்புக் கம்பியை மூன்று மீற்றர் தூரத்துக்கு இழுத்தால், போக்கும் வரவுமாக அதன் தடை 0.04 ஓம் அளவுதான் என்பது தாங்கள் அறியாததல்ல. 8 ஓம் ஒலிபெருக்கியின் முன் அது நூற்றுக்கு அரைப் பங்கு. வெள்ளி செம்பைவிட ஏறத்தாழ 6 வீதமே கூடுதலாக மின்னைக் கடத்தும். சற்றுத் தடித்த செப்புக் கம்பியே அதை ஈடுசெய்துவிடும். கட்டுரையாளர் எச்சரிக்கும் கொள்ளளவமும் (கம்பிகளுக்கிடையில் மின்னேற்றம் தங்குவது) தூண்டலும் (மின்னோட்டம் மாறுவதைக் கம்பி எதிர்ப்பது) வீட்டு அறையின் தூரத்தில் காதுக்கு எட்டுவதில்லை.

கம்பியால் ஒலி மாறாது என்று நான் சொல்லவில்லை. 0.75 சதுர மில்லிமீற்றர் கம்பியை 30 மீற்றர் இழுத்து 4 ஓம் ஒலிபெருக்கியை மாட்டினால், அதற்குப் போய்ச்சேரும் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும். பெட்டியின் பின்னால் 4 என்றோ 8 என்றோ எழுதியிருந்தாலும் ஒலிபெருக்கியின் தடங்கல், அதாவது மின்னுக்கு அது காட்டும் எதிர்ப்பு, சுருதிக்குச் சுருதி ஏறி இறங்குவதால், கம்பியின் தடை கூடும்போது சில சுருதிகள் மட்டும் கூடுதலாக அமுங்கி, தவிலும் நாதஸ்வரமும் மேடையில் ஒலித்த அளவில் வெளியே கேட்பதில்லை. வீதியோரக் குழாய் ஒலிபெருக்கிகளுக்கு நாங்கள் மின்னழுத்தத்தை உயர்த்தும் நிலைமாற்றி வைத்து 100 வோல்ற்றில் இழுப்பதும் இதற்காகத்தான். 100 வாற்றுக்கு 8 ஓமில் 3.5 அம்பியர் ஓடும். 100 வோல்ற்றில் ஒரு அம்பியர் போதும். கம்பியில் வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறையும். இவற்றில் ஒன்றேனும் அந்தக் கட்டுரையில் இல்லை.

கடற்கரையோரக் கோயில் ஒன்றில் நாதஸ்வரம் கரகரத்தபோது, விலை குறைந்த கம்பி என்று நிர்வாகத்தினர் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் குறை கூறினார்கள். உப்புக்காற்றில் கம்பி நுனி பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஓரங்குலம் வெட்டிப் புதிதாக முறுக்கிப் பூட்டியதும் சரியாயிற்று. 1990இல் போரினால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு, எரிந்த மோட்டர்களிலிருந்து அவிழ்த்த செப்புக் கம்பியில் சைக்கிள் டைனமோவைப் பூட்டி வானொலி கேட்டவர்கள் நாங்கள். கம்பியின் அருமை எங்களுக்குத் தெரியாததுபோல எழுதுவது மனதை வருத்துகிறது.

செப்புக் கம்பி என்று நம்பி நான் வாங்கிய ஒரு சுருளைக் கத்தியால் சுரண்டியபோது உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. அதே தடிப்பில் அதன் தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு; திருகாணியில் இறுக்கிய இடத்தில் இழைகளும் முறிந்தன. சில வருடங்களுக்கு முன் இதைத் தங்களுக்கு விரிவாக எழுதினேன். அக்கடிதம் வெளிவரவில்லை, காரணமும் தெரிவிக்கப்படவில்லை. விலையுயர்ந்த கம்பிக்கு மட்டும் அரைப்பக்கம் கிடைத்திருக்கிறது.

நான் கேட்பது சிறிய உதவி. அதே பக்கத்தில் ஒரு பெட்டிக்குள், வீட்டு ஒலிபெருக்கிக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் சுத்தச் செப்புக் கம்பி போதும் என்றும், வாங்குமுன் நுனியைச் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்றும் இரண்டு வரி போட்டுதவுங்கள். அந்தத் தம்பி இன்னும் காசைக் கொடுக்கவில்லை; வரும் ஞாயிறு வரை பொறுக்கும்படி சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஒலியமைப்பாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.