சனி இரவு பழைய பூல் காப்பி நீக்கம்: வெள்ளிக்குள் பதில் தேவை

ஸ்டோரேஜ் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் 14-ம் தேதி சனிக்கிழமை இரவு 10 மணிக்கு, ஐபிஎம் எஸ்விசி-யில் (பல டிஸ்க் பெட்டிகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ஸ்டோரேஜ் கருவி) பழைய பூலில் (டிஸ்க் தொகுப்பில்) உள்ள காப்பி 0-வை, அதாவது டேட்டாவின் முதல் நகலை, நீக்குகிறோம். அதற்குள் புதிய பூலில் காப்பி 1 (இரண்டாவது நகல்) முழுசாக சிங்க் ஆகியிருக்க வேண்டும், அதாவது காப்பி 0-வில் உள்ளதெல்லாம் அதிலும் வந்திருக்க வேண்டும்.

1. இன்றே இரண்டாவது காப்பி சேருங்கள். ஒரு வால்யூமுக்கு (சர்வருக்கு ஒரே டிஸ்க்காகத் தெரியும் இடம்) அதிகபட்சம் 2 காப்பிதான். ஏற்கெனவே 2 இருந்தால் சொல்லுங்கள்.

2. சிங்க் ரேட் தானாக 50-ல் நிற்கும், அதாவது நொடிக்கு 2 எம்பி. 1 டிபி முடிய 6 நாள் ஆகிவிடும்! 80 வையுங்கள்: நொடிக்கு 16 எம்பி, சுமார் 18 மணி நேரம். 100 வைத்தால் 64 எம்பி. பகலில் வேண்டாம், பழைய டிஸ்க்குகள் திணறி டேட்டாபேஸ் இழுக்கும். 0 என்றால் சிங்க்கே நடக்காது.

3. சிங்க் முடிந்ததும் பிரைமரியை (முதன்மைக் காப்பியை) காப்பி 1-க்கு மாற்றி ஒரு நாள் ஓடவிடுங்கள். ரீட் பிரைமரியிலிருந்துதான் வரும். புதிய பூலில் குறை இருந்தால், பழைய காப்பி கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

4. தயவுசெய்து ஃபோர்ஸ் (தடையை மீறி நீக்கச் சொல்லும் ஆப்ஷன்) போட்டு எந்தக் காப்பியையும் நீக்காதீர்கள். சிங்க் ஆன ஒரே காப்பி அதுவாக இருந்தால் டேட்டா போச்சு.

வெள்ளி மாலை 5 மணிக்குள் வால்யூம் பெயர், சிங்க் நிலை இரண்டையும் இங்கே போடுங்கள். பதில் வராத வால்யூமைத் தொடமாட்டோம்.