பட்டக் கயிறும் சிரிப்புத் துணுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் ‘தங்கள் மடத்தனத்தால் மாண்டவர்கள்’ என்று சிரிப்புத் துணுக்குகள் போட்டிருந்தீர்கள். பேரன் வாசித்து வாசித்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

பாரிஸ் தையற்காரர் ஒருவர், தானே தைத்த பரசூட் அங்கியைப் போட்டுக்கொண்டு 1912 பெப்ரவரி 4 அன்று ஈபில் கோபுரத்தின் முதல் தட்டிலிருந்து குதித்து இறந்தார். ரொறன்ரோவில் 1993இல் ஒரு சட்டத்தரணி, கட்டடத்தின் கண்ணாடி உடையாது என்று காட்ட அதில் மோதி 24ஆம் மாடியிலிருந்து விழுந்தார். இவ்வளவும் வந்திருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தரணி அதற்கு முன்னரும் பலமுறை அப்படி மோதிக் காட்டியவர் என்பது வரவில்லை. அன்றும் கண்ணாடி உடையவில்லை. அதைப் பிடித்திருந்த சட்டகத்திலிருந்து அப்படியே கழன்று போனது. ‘இத்தனை நாளும் ஒன்றும் நடக்கவில்லைத்தானே’ என்ற நினைப்புத்தான் அந்த மனிதரைக் கொன்றது. அந்த நினைப்பு எங்கள் ஊரில் எல்லோரிடமும் உண்டு.

என் வலது கைச் சுட்டுவிரல் பாதிதான். பத்தொன்பது வயதில், ஆளுயரப் பட்டம் ஒன்றுக்கு முச்சைக் கயிறு கட்டி, காற்றில் ஒலியெழுப்பும் விண் பூட்டி ஏற்றினோம். நல்ல வாடைக்காற்று. உள்ளங்கை வியர்த்துக் கயிறு வழுக்க, விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் செய்வேன், அண்ணையும் அப்படித்தான் செய்வார். காற்று ஒரு இழுவை இழுத்தது. அவ்வளவுதான். ஆசுப்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபோது சந்தியில் நின்றவர்கள் ‘பட்டம் விரலைக் கொண்டு போட்டுதாம்’ என்று சிரித்தார்கள். அம்மா அன்று சமைக்கவில்லை. ஏன் வெட்டுப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வருடமும் கடற்கரையில் பெடியள் விரலில் சுற்றிக்கொண்டுதான் நின்றார்கள்.

2021 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில், எங்கள் வடமராட்சிப் பகுதியில் ஒரு இளைஞரைப் பட்டம் தூக்கிக்கொண்டு போன காணொளியை உலகமே பார்த்துச் சிரித்தது. நல்லகாலம், தம்பி உயிர் தப்பிவிட்டார். பலர் சேர்ந்து பிடிக்கும் கயிற்றை மற்றவர்கள் விட்டால், கடைசியாகப் பிடித்திருப்பவர் தலையில்தான் முழு இழுவையும் வரும். ‘விடடா’ என்று கீழே கத்துவது காதில் விழும்போது கால் நிலத்தில் இருக்காது. பிறகு விடவும் பயம், பிடித்திருக்கவும் பயம். அதை மடத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தைப்பொங்கல் வரப்போகிறது. உதயசூரியன் கடற்கரையில் பட்டங்கள் ஏறும். அந்தத் துணுக்குகள் வந்த அதே இடத்தில் இதைப் போடுங்கள்: பெரிய பட்டத்தின் கயிற்று நுனியை முதலில் பனையிலோ ஆழ நட்ட கட்டையிலோ கட்ட வேண்டும், அதன் பிறகுதான் பட்டத்தை ஏற்ற வேண்டும். விரலிலோ மணிக்கட்டிலோ இடுப்பிலோ கயிற்றைச் சுற்றக்கூடாது. விடுவதென்றால் ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒன்றாக விட வேண்டும். மின்கம்பி உள்ள பக்கம் போகவே கூடாது.

முடிச்சுப் போடும் முறையைப் படமாகப் போட விரும்பினால் உங்கள் நிருபரை அனுப்புங்கள். பாதி விரலோடும் நான் போட்டுக் காட்டுவேன்.

ஓய்வுபெற்ற கடற்றொழிலாளி ஒருவர்,
வல்வெட்டித்துறை.