காலி ஸ்லாட் இருக்கட்டும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலியைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் நாலே வரியில் கல்லூரி சேர்ந்திருக்கும் மகளுக்கு எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். முழங்காலுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதைக் கேள், அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு வரிதான் பத்து நாளாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. உனக்குத்தான் என்னைத் தெரியுமே.

அவள் எழுதிய பட்டியலையும் சேர்த்து அனுப்பியிருந்தாய். திரைக்குப் படம் அனுப்பும் பெரிய கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடிக் கதவும் கலர் விளக்குகளும் வைத்த கேபினட், அதோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி), இருப்பதிலேயே மலிவான மதர்போர்டு (எல்லாவற்றையும் செருகும் பலகை), ஒற்றை 8 ஜிபி ரேம். படித்ததும் சிரித்துவிட்டேன். 1999-இல் விடுதி அறையில் உட்கார்ந்து நாம் போட்ட பட்டியலும் இதே லட்சணத்தில்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற சாமானுக்குத் தாராளம், உள்ளே கிடப்பதற்குக் கஞ்சத்தனம்.

என் யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்ஜெட் குறைவு என்றால் இப்போது குறைவாகவே வாங்கட்டும். ஆனால் பிறகு சேர்ப்பதற்கு இடம் விட்டு வாங்கட்டும். அவள் பட்டியல் இதற்கு நேர் எதிர். இன்றைக்கே எல்லாம் நிரம்பிவிடும், நாளைக்கு ஒன்றை மாற்ற நினைத்தால் மூன்றைக் கழற்றிப் போட வேண்டியிருக்கும்.

லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா என்று நீ குழம்பியிருந்தாய். தினமும் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் யோசிக்கவே வேண்டாம், லேப்டாப்தான். அவள் வீட்டிலிருந்து போய்வருகிறாள், கல்லூரியில் லேப் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சரி, அப்படியானால் டெஸ்க்டாப்பே நல்லது. ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம். மின்சாரம் போனால் எழுதிய புரோகிராமும் சேர்ந்து போகும் என்பது ஒன்றுதான் குறை. அதற்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று போதும்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில்தான் அவளோடு உனக்குச் சண்டை என்று புரிகிறது. முதல் வருடம் புரோகிராமிங், கொஞ்சம் புள்ளியியல், அசைன்மென்ட், வீடியோ பாடங்கள். இதில் எதற்கும் தனி கார்டு வேண்டாம். ப்ராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் வைத்து வருகிறது. ப்ராசசர் செய்யும் ஏஎம்டி கம்பெனியில் 2021-இல் வந்த ரைசன் 5 5600ஜி, 2024-இல் வந்த 8600ஜி எல்லாம் அந்த வகை. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், அதாவது பல வேலைகளை ஒரே நேரத்தில் பகிர்ந்து செய்யும். ரொம்பக் கனமில்லாத விளையாட்டுகளையும் ஓட்டும். அதைச் சொல்லு, சமாதானமாவாள்.

பெயரின் கடைசியில் இருக்கும் எழுத்தைக் கட்டாயம் பார்க்கச் சொல். நான் சூடு பட்டது அதில்தான். போன வருடம் அண்ணன் மகனுக்கு ஒன்று அசெம்பிள் பண்ணினோம். ஒரே மாதிரி இரண்டு இன்டெல் ப்ராசசர், ஒன்று கொஞ்சம் விலை குறைவு. புத்திசாலித்தனமாக அதை வாங்கினேன். எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் இருட்டு. ரேமைக் கழற்றி மாட்டினோம், கேபிளை மாற்றினோம், மானிட்டரையே மாற்றினோம். இரண்டு சாயங்காலம் போன பிறகுதான் பெட்டியின் மேல் எண்ணுக்குப் பக்கத்தில் ஒற்றை ‘எஃப்’ இருப்பதைப் பார்த்தேன். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். படம் எங்கிருந்து வரும்? அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்னும் மறக்கவில்லை.

ஏஎம்டியில் இன்னொரு சிக்கல். போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்தான் சாக்கெட். அதில் பழைய வகையான ஏஎம்4-க்கு வரும் ரைசன் 5 5600-இல் எஃப் கிடையாது, ஆனால் கிராபிக்ஸும் கிடையாது. ஜி இருந்தால்தான் படம். புதிய ஏஎம்5-இல் 7600 மாதிரி எழுத்தில்லாதவற்றிலும் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உண்டு. விளையாட உதவாது, திரையில் படம் வர உதவும்.

ஏஎம்4-ஆ, ஏஎம்5-ஆ என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். ஏஎம்4 வந்தது 2016-இல், டிடிஆர்4 என்ற பழைய வகை ரேம் போடும். ஏஎம்5 2022-இல் வந்தது, டிடிஆர்5 மட்டும்தான். பழைய ரேமைப் புதிய போர்டில் செருகவே முடியாது, ரேமின் அடிவிளிம்பில் உள்ள பள்ளம் இடம் மாறியிருக்கும். 2027-ஐத் தாண்டியும் ஏஎம்5-க்குப் புது ப்ராசசர்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதனால் காசு எட்டினால் ஏஎம்5. எட்டாவிட்டால் ஏஎம்4 வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நாலு வருடப் படிப்புக்குத் தாராளமாகத் தாங்கும். பழைய இருப்பாகக் கிடந்த ஏஎம்4 போர்டு என்றால் மட்டும், அதிலுள்ள பயாஸ் (போர்டை எழுப்பிவிடும் உள் மென்பொருள்) அந்த ப்ராசசரை அடையாளம் கண்டுகொள்ளுமா என்று கேட்டுவிட்டு வாங்கட்டும்.

ரேம் விஷயத்தில் அவள் பட்டியல் தப்பு. 8 ஜிபி இன்றைக்கே இறுக்கமாக இருக்கும், 16 வேண்டும். அதையும் 16-ஆக ஒன்று வாங்காமல் 8-ஆக இரண்டு வாங்க வேண்டும். ஏனென்றால் ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ரேமிலிருந்துதான் கடன் வாங்கும். ஒற்றை ரேம் ஒரு வாய்க்கால், இரண்டு ரேம் இரண்டு வாய்க்கால். ஒன்றை மட்டும் போட்டால் விளையாட்டு நின்று நின்று ஓடும், பழியை ப்ராசசர் மேல் போடுவாள்.

மலிவான போர்டில் இரண்டே ரேம் ஸ்லாட்தான் இருக்கும். அந்த இரண்டையும் 8, 8 என்று நிரப்பிவிட்டால், மூன்றாம் வருடம் 32 வேண்டுமென்றால் இருப்பதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நாலு ஸ்லாட் போர்டு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் இரண்டு காலியாகக் காத்திருக்கும். டிடிஆர்5-இல் மட்டும் நாலையும் நிரப்பினால் வேகம் குறைந்துவிடும். அதனால் அதில் பிற்பாடு ஏற்ற நினைத்தால் 16-ஆக இரண்டுக்கு மாறுவதே மேல். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களுக்காக வாங்கிக் குவித்ததில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது உனக்கும் தெரிந்திருக்கும். கையில் காசு இல்லையென்றால் இப்போதைக்கு 8 ஒன்று போட்டுவிட்டு, அதே கம்பெனியில் அதே வேகத்தில் இன்னொன்றைப் பிறகு சேர்க்கட்டும். இரண்டும் ஒரே பெட்டியில் ஜோடியாக வந்தால் இன்னும் நல்லது, தகராறு குறைவு.

டிஸ்க்கைப் பற்றி நீட்டி எழுத வேண்டாம். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வடிவத்தில், என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி, முடிந்தால் 1 டிபி, இல்லாவிட்டால் 500 ஜிபி. எம்.2 வடிவத்திலேயே சாட்டா என்ற பழைய, மெதுவான வகை எஸ்எஸ்டியும் உண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சாட்டா வினாடிக்கு ஏறக்குறைய 550 எம்பிதான் ஓடும். சாதாரண என்விஎம்இ அதைப் போல நாலு ஐந்து மடங்கு ஓடும். போர்டில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால் சந்தோஷம்.

இப்போது எஸ்எம்பிஎஸ். இதைச் சொல்லத்தான் கடிதமே எழுதினேன் என்று வைத்துக்கொள். கேபினட்டோடு இலவசமாக வருவதை வாங்காதே, வாங்காதே, வாங்காதே. என் பழைய கம்ப்யூட்டர் எப்படிப் போனது தெரியுமா? ஒரு மத்தியானம் ‘டப்’ என்று சத்தம், கருகல் வாசனை. எஸ்எம்பிஎஸ் தான் மட்டும் போகவில்லை, மதர்போர்டையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பெட்டி மேல் 500 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிறகுதான் பக்கவாட்டில் ஒட்டியிருந்த கட்டத்தைப் படித்தேன். ப்ராசசரும் கார்டும் தின்பது 12 வோல்ட் கம்பியிலிருந்துதான். அந்த வரிசையில் போட்டிருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்க வேண்டும். என்னுடையதில் 20 ஆம்பியர், ஆக 240 வாட். மீதியெல்லாம் 3.3, 5 வோல்ட் கணக்கில் ஊதிக் காட்டியது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் மொத்த வாட்டும் ஏறக்குறைய 12 வோல்ட்டிலேயே கிடைக்கும். 80 பிளஸ் முத்திரையையும் பார்க்கட்டும், ஆனால் அது எவ்வளவு மின்சாரம் சூடாக வீணாகிறது என்பதற்கான அளவு மட்டும்தான். முத்திரை இருப்பதாலேயே உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் சரியாக இருக்கும் என்று நம்பக்கூடாது. எத்தனை வருடம் வாரண்டி தருகிறார்கள் என்பது அதைவிட நல்ல அடையாளம்.

கார்டு இல்லாத கம்ப்யூட்டர் முழு மூச்சில் ஓடினாலும் 150 வாட்டைத் தொடுவது அபூர்வம். பிறகு ஏன் 550 வாட் வாங்கச் சொல்கிறேன்? போர்டில் கார்டு செருகும் அந்த நீளமான காலி ஸ்லாட்டுக்காகத்தான். மூன்றாம் வருடம் மெஷின் லேர்னிங் (கம்ப்யூட்டரைத் தரவிலிருந்து கற்க வைக்கும் துறை) பக்கம் போகிறாள் என்று வை, அப்போது என்விடியா கார்டு கேட்பாள். அந்தத் துறையில் பெரும்பாலான மென்பொருள்கள் என்விடியா கார்டுக்கென்றே உள்ள கூடா என்ற மென்பொருளை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 மாதிரி ஒன்று 170 வாட் தின்னும், அதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. அன்றைக்குப் பழையதைத் தூக்கிப் போடாமல் கார்டை மட்டும் செருகலாம். அதுவரை படித்துப் பார்க்க கூகுள் கோலாப் இருக்கிறது, இன்டர்நெட் வழியாகக் கொஞ்ச நேரத்துக்கு இலவசமாகவே அவர்கள் கார்டைத் தருவார்கள்.

இதையெல்லாம் கேட்டு மலைத்துப்போய், ஆபீஸ்களில் கழித்துக்கட்டும் பழைய பெட்டி ஒன்றை வாங்கிவிடலாமா என்று உனக்குத் தோன்றும். தப்பில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறை, ரைசனில் 2000 வரிசை, அதற்கு மேல். அதைவிடப் பழையதை வாங்கினால் லினக்ஸ்தான் போட வேண்டும். புரோகிராமிங் படிக்கிற பெண்ணுக்கு அதுவும் நல்லதே. அந்தப் பெட்டிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் தனி அளவு, தனி முனை. வெளியில் வாங்கியது பொருந்தாது. நான் சொன்ன ‘இடம் விட்டு வாங்குவது’ அங்கே நடக்காது.

அசெம்பிள் பண்ணுவதை அவளையே செய்யச் சொல். நீ பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள், முழங்காலுக்கும் ஓய்வு. ப்ராசசர் மூலையிலுள்ள சின்ன முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தானாக உட்காரும், அழுத்தவே கூடாது. ரேமை மட்டும் ‘க்ளிக்’ என்று கேட்கும் வரை அழுத்த வேண்டும், பயந்து பாதியில் விடுவார்கள். நாலு ஸ்லாட் என்றால் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். கூடவே வரும் ஃபேனில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், மேலே இன்னொரு முறை அப்ப வேண்டாம். போர்டின் மேல் மூலையில் ப்ராசசருக்கென்று தனியாக 8 பின் கம்பி உண்டு, அதை மறக்காத ஆள் நான் பார்த்ததில்லை. பின்பக்கத் தகடு தனியாக வந்தால் போர்டுக்கு முன்னால் அதைத்தான் கேபினட்டில் பொருத்த வேண்டும். அதை நான் கடைசியில் மேஜை மேல் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றினேன். படம் வந்ததும் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று இருப்பதை ஆன் செய்யட்டும். இல்லாவிட்டால் பல ரேம்கள் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஓடாமல் மெதுவாகவே கிடக்கும்.

நம்முடைய அந்த மூன்று ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? பழைய ஹார்ட் டிஸ்க்கோடு இரவல் டிஸ்க் ஒன்றையும் ஒரே கேபிளில் மாட்டினோமே, இரண்டுமே கண்ணில் படாமல் போயினவே. நான் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீதான் டிஸ்க்கின் முதுகில் ஒட்டியிருந்த பொடி எழுத்தை டார்ச் அடித்துப் படித்து, இரண்டிலும் ஜம்பர் என்ற குட்டிச் செருகி ‘மாஸ்டர்’ பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடித்தாய். ஒன்றை ‘ஸ்லேவ்’ பக்கம் மாற்றியதும் இரண்டும் வந்தன. இன்றைக்கு நீ எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதுகிறாய்! அந்த வேலையில் மிஞ்சிய ஜம்பர் ஒன்று இன்னும் என் தையல் டப்பாவில் கிடக்கிறது.

பட்டியலைத் திருத்தியதும் வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. எழுத்து எழுத்தாகப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் அதற்குக் கண்ணாடி போட வேண்டியிருக்கிறது, அது வேறு கதை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி

பி.கு.: மானிட்டரை மறந்தே போனேன். அவள் பட்டியலிலும் காணோம். 24 அங்குலம், பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் திரை, 1920-க்கு 1080 புள்ளிகள். கண்ணாடிக் கதவுக்கும் விளக்குக்கும் வைத்த காசை இதில் போடச் சொல். இந்தக் கம்ப்யூட்டர் போய் அடுத்தது வந்தாலும் மானிட்டர் அப்படியே இருக்கும். கார்டு வாங்கும் நாளில் மானிட்டர் கேபிளைப் போர்டிலிருந்து பிடுங்கிக் கார்டில் செருகவும் சொல். மறந்துபோய்ச் செருகாமலே ஓட்டும் ஆட்கள் உண்டு.